பால்மாவு டப்பாவின் மூடி

பிள்ளை தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான், மறைக்க வேண்டாம். காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவர்கள். பால் ஆறிவிட்டதா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, நம்பாமல் இன்னொரு சொட்டும் விடுகிறவர்கள். எனக்கு இந்தப் பயம் பிள்ளை பெற்ற பிறகு வந்தது என்று என் கணவர் நினைக்கிறார். இல்லை. எட்டு வயதில் வந்தது, எஞ்சின் எண்ணெய் வாடையோடு.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் அப்போது ஹைதராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு அரசாங்க மின்னணுத் தொழிற்சாலையில் சரிபார்க்கும் வேலை. ஈயம் பற்றவைத்த புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டுவார். நாளெல்லாம் அதைச் செய்கிறவர் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பாரா? தொட்டில் கயிற்றைத் தினமும் இழுத்துப் பார்ப்பார். மூன்று நாள் தொடர்ந்து சரியாக இருந்தால்தான் பச்சைச் சீட்டு. ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஸ்டவ், மேசை விசிறி, என் பள்ளிக்கூடப் பையின் வார் எல்லாவற்றிலும் பச்சைச் சீட்டுகள் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை பிறந்து, நாற்பது நாள் இருந்து, காய்ச்சலில் போய்விட்டாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தார்கள், அதற்கு முன்பே. அதிலிருந்து அப்பா எல்லாவற்றையும் அளந்தார். அம்மா ஜெபித்தாள். நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மழைக்காலத்தில் பிறந்தான். சிகந்தராபாத்தில் எங்கள் தமிழ்க் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"நான் எங்க தள்ளப் போறேன்? வண்டி தேறட்டும், போவோம்" என்றார் அப்பா.

பஸ் கூட்டத்தில் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் ஓட்டுகிற ஓட்டுக்குப் பிள்ளையைத் தரமாட்டேன் என்றார். அவருடைய ஸ்கூட்டரை மட்டும்தான் நம்பினார். மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி அது. அதுதான் பின்சக்கரத்தடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியிருந்தது.

ரயில்வே கேட்டுக்கு இறங்கும் சரிவில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. எல்லோரும் அவரை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை கடை இருக்காது, ஞாயிறு இருக்கும். அவர் பேசுவது ஹைதராபாத் ஹிந்தி. எங்களுக்கு அது புரியும், அதனால் இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவர் ஒரு தடவை ஏதோ ரப்பரை மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் மறுபடி சொட்டியது. இரண்டாம் தடவை அப்பாவோடு நானும் போனேன்.

சக்கரத்தைக் கழற்றி, அதன் உள்ளிருந்து என் வளையலைவிடச் சின்னதான ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தார். எஞ்சினிலிருந்து வரும் இரும்புத் தண்டை அந்த வளையம் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்குமாம். தண்டு சுழலும், எண்ணெய் மட்டும் வெளியே வராது. அதற்குத்தான் சீல் என்று பெயர். மிஸ்திரி தண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சாப், சீல் நல்ல சீல்தான். தண்டு தேஞ்சு போயிருக்கு. சீல் உரசுற இடத்துல பள்ளம் விழுந்திருக்கு."

அப்பா சிரித்தார். "ரப்பர் எங்கயாவது இரும்பைத் தேய்க்குமா?"

"தேய்க்கும் சாப். தூசியையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல வருஷக்கணக்கா உரசினா தேய்க்கும். நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க."

அப்பா நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பாப்பா, நீ வா. உன் நகம் சின்னது."

நான் குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரல் நகத்தைத் தண்டின்மேல் இழுத்தேன். குளுகுளுவென்று, கண்ணாடி மாதிரி வழவழப்பு. பிறகு ஒரு இடத்தில் நகம் டக்கென்று இறங்கி ஏறியது. ஒரு முடி கிடக்கும் அளவுப் பள்ளம். மறுபடி வழவழப்பு. திருப்பி இழுத்தேன், திருப்பியும் மாட்டியது.

"ஒண்ணும் மாட்டலைல்லா?" என்றார் அப்பா.

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை. இல்லை என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற முகம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பயம் மட்டும்தான்.

"இல்லப்பா."

மிஸ்திரி என்னைப் பார்த்தார். "ஹவ்" என்றார், சரி என்பதுபோல. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். "புதுத் தண்டு கிடைக்க நாளாகும். அதுவரைக்கும் சீலை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி உட்கார வைக்கிறேன். பள்ளத்தை விட்டுப் புது இடத்துல பிடிக்கும்."

"நக்கோ, நக்கோ" என்று அப்பா கையை ஆட்டினார். "கம்பெனிக்காரன் எங்க வெச்சானோ அங்கயே வைங்க. அளவை மாத்துற வேலை என்கிட்ட வேண்டாம்."

"உங்க இஷ்டம் சாப். ஆனா எண்ணெய் கீழே சொட்டுறதை நான் சொல்லல. உள்ளே பிரேக் கட்டை இருக்கு. அது எண்ணெய் குடிச்சதுன்னா வண்டி நிக்காது."

"மூணு நாள் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்துவேன்" என்றார் அப்பா. மிஸ்திரி புதுச் சீல் ஒன்றைப் பழைய இடத்திலேயே பொருத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சீல் மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னார். பிரேக் கட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அது புதன்கிழமை. அன்று சாயங்காலம் அப்பா தம்பியின் பால்மாவு டப்பாவின் தகர மூடியைக் கழுவித் துடைத்துப் பின்சக்கரத்தின் கீழே வைத்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று காலையும் மூடி உலர்ந்திருந்தால் பச்சைச் சீட்டு, ஞாயிறு ஞானஸ்நானம். இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

அடுத்த மாதம் என்றதும் அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. தங்கைக்கும் அடுத்த மாதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அன்று படுக்கும்போது நான் முட்டி போட்டு ஜெபித்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் அப்பாவுக்கு முன்பே வெளியே ஓடினேன். மூடி பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா அதற்குள் எழுந்து தம்பியின் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துணியில் பழுப்பாய் ஒரு கறை. பிள்ளைத்துணி, கறை இல்லாமலா இருக்கும்?

வெள்ளிக்கிழமை ஓடிப் போய்ப் பார்த்தேன். மூடியில் எண்ணெய். தேன் நிறத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பரவியிருந்தது. குளியலறையில் அப்பா பல் தேய்க்கிற சத்தம் கேட்டது. கொப்பளித்துத் துப்பிவிட்டு நேராக இங்கேதான் வருவார். நான் யோசித்தேனா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையின் உள்மடிப்பால் மூடியைத் துடைத்தேன். நீலத்தில் கறை தெரியாது என்பது மட்டும் அந்த நேரத்திலும் தெரிந்திருந்தது. ஆண்டவர் ஒரு நாள் செய்தார், மிச்சம் இரண்டு நாளை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ரெண்டு" என்றார்.

அன்று முழுக்க வகுப்பில் என் பாவாடையிலிருந்து அந்த வாடை வந்துகொண்டிருந்தது. கெட்டியான, கசப்பான வாடை. டீச்சர் பக்கத்தில் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இன்னும் அதிகம். மூடி நிரம்பவில்லை, ஆனால் சாய்த்தால் ஓடியது. செடியடியில் கொட்டிவிட்டுத் துடைத்தேன். டயரிலும் ஒரு கோடு வடிந்திருந்தது, அதையும் துடைத்தேன். தகரத்தில் மினுமினுப்பு இருந்திருக்கும். தினமும் பூதக்கண்ணாடி பிடிக்கிற மனிதருக்கு அது தெரியாமலா போயிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்ததோ என்னவோ.

ஹாண்டில்பாரில் பச்சைச் சீட்டைக் கட்டிவிட்டு அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தோம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிறு காலை. அப்பா பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அம்மா பின்னால் உட்கார்ந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய தம்பியை இடது கையால் அணைத்துக்கொண்டாள். நான் முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவே நின்றேன். அங்கே நின்றால் கீழே பிரேக் பெடல் தெரியும். ரோட்டை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பெடலையும் அதன்மேல் இருந்த ஷூவையும்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் திருப்பத்தில் ஷூ கொஞ்சம் இறங்கியது, வண்டி நின்றது. கடைத்தெருவில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ரயில்வே கேட்டுச் சரிவு தொடங்குகிற இடத்தில் நான் என் வலது காலைத் தூக்கி அப்பாவின் ஷூமேல் வைத்து அமுக்கினேன்.

"என்னட்டி பண்ணுத? காலை எடு!"

"பிரேக் பிடிங்கப்பா."

"பிடிச்சுட்டுத்தான இருக்கேன், எடு காலை!"

கீழே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. அப்பாவின் ஷூ தரைவரைக்கும் போய்விட்டது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தார். அந்த வண்டிகளில் முன் பிரேக் பேருக்குத்தான். கேட்டுக்கு முன்னால் சைக்கிள்களும் ஜனங்களும் நின்றிருந்தார்கள். அப்பா ஹாண்டிலை ஒடித்து, தண்டவாளத்துக்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றினார்.

ஜல்லி சரிந்த சத்தம், அதற்குப் பிறகு கூட்ஸ் வண்டி போகிற சத்தம். அது போய் முடிகிறவரை தம்பி அழுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வண்டியில் எத்தனை பெட்டிகள் இருந்தன என்று கேட்காதீர்கள். கடைசிப் பெட்டி போன பிறகு அவன் வீறிட்டது கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் ஒன்றை நான் கேட்டதில்லை. அவன்மேல் ஒரு கீறல் இல்லை. அம்மா அவனை விடாமல், இடது முழங்கையில் விழுந்திருந்தாள்.

மிஸ்திரிதான் முதலில் ஓடி வந்தார். அம்மாவைத் தன் கடை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கைக்குக் கீழே ஒரு பலகையை வைத்துத் துணியால் கட்டினார். டாக்ஸி கொண்டுவர யாரோ ஓடினார்கள். அந்த இடைவெளியில் அப்பா கத்தத் தொடங்கினார்.

"மூணு நாள்! மூணு நாள் கீழே வெச்ச மூடி காஞ்சு கிடந்துச்சு. டூப்ளிகேட் சீலைப் போட்டு ஏமாத்திட்டீங்க. மூணு நாள் தாங்கிட்டுக் கிழிஞ்சு போச்சு!"

"ஏன் சாப், எதுக்கு இத்தனை கோபம்?" என்றார் மிஸ்திரி. சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறி, வதக்கிய கத்தரிக்காய் மாதிரி மினுங்கின. சீலை எடுத்து விரலால் விரித்துக் காட்டினார். ஒரு கிழிசல் இல்லை. "சீல் புதுசாவே இருக்கு, பாருங்க. இந்தத் தண்டுல ஒரு நாள்கூட மூடி காஞ்சிருக்க முடியாது. யாரோ துடைச்சிருக்காங்க."

"என் வீட்டு ஆளுங்களைப் பொய்க்காரங்கன்னு சொல்றீங்களா?"

மிஸ்திரி குனிந்து அந்தச் சீலைத் துணியால் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானம் மூன்று வாரம் தள்ளி நடந்தது. அம்மாவின் முழங்கை எலும்பு கூடியது, ஆனால் கை அதற்குப் பிறகு முழுக்க நீளவில்லை. அப்பா வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவர் கட்டைகளை மாற்றினார். புதுச் சீலை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விளிம்போடு சமமாக வந்த பிறகும் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு நூல் அளவு உள்ளே இறக்கினார். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகு அங்கே ஒரு சொட்டும் விடவில்லை.

"இவன்தான் வேலைக்காரன்" என்றார் அப்பா. மிஸ்திரி போலிச் சீல் போடுகிறவர் என்று தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொன்னார். அப்பா பார்த்துச் சொன்னால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். கடை முன்னால் வண்டிகள் குறைந்தன. பள்ளிக்கூடம் போகும்போது அந்தச் சரிவில் எதிர்ப்பக்கமாக நடப்பேன். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தபோது, அந்த இடத்தில் ஒருவர் சர்பத் விற்றுக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் போன மாதம்தான் அம்மாவிடம் சொன்னேன். என் மகளுக்கு நான்கு வயது. அவள் கைவிரல்களைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏனோ வெட்டியை வைத்துவிட்டு, அம்மா, அந்த மூடியை வெள்ளியும் சனியும் நான்தான் துடைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா நீளாத கையால் மடியில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"வியாழக்கிழமை நான் துடைச்சேன்" என்றாள். "தம்பி துணியால."

கொடியில் பார்த்த பழுப்புக் கறை எனக்கு ஞாபகம் வந்தது.

"வெள்ளிக்கிழமையும் துடைக்கத்தான் வந்தேன். ஜன்னல் வழியாப் பாக்குதேன், நீ குனிஞ்சு பாவாடையால தேய்ச்சுட்டு இருக்க. அப்படியே உள்ள போயிட்டேன். நாலு சொட்டு எண்ணெய்தானே, ஞானஸ்நானம் முடியட்டும்னு நினைச்சேன். அதுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம்னு எனக்கு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்மா. மிஸ்திரி சொன்னப்ப நான் கூட இருந்தேன்."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னத்தத் தெரியும்?" என்றாள். மடித்த துண்டை மறுபடி பிரித்துவிட்டு, "அந்தக் கடையில வெச்சு நீ என்னைப் பார்த்தல்லா, நான் துடைச்சதை நீயும் பார்த்துட்ட, காட்டிக் கொடுக்காம நிக்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா நீ என்னை உத்துப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயந்தான்" என்றாள்.

வராந்தாவில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். அம்மா துண்டை மடித்தாள், நான் நகவெட்டியை எடுத்தேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், பழக்கம் ஓய்வு பெறவில்லை. என் மகளின் மூன்று சக்கர சைக்கிளை மூன்று நாளாகச் சோதித்து, பச்சை நூல் ஒன்று கட்டிவிட்டு, அதைச் சொல்லத்தான் வந்தார்.

"தேறிருச்சு. இனி ஓட்டலாம்" என்றார்.

என் மகள் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தை. எதைச் சொன்னால் சரியாக இருக்கும் என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பா" என்றேன். நகவெட்டியைக் கீழே வைத்தேன். "அந்த மூடியில எண்ணெய் இருந்துச்சுப்பா. மூணு நாளும் இருந்துச்சு. அந்த மிஸ்திரி சொன்னதுதான் சரி."

எந்த மூடி, எந்த மிஸ்திரி என்று அப்பா கேட்கவில்லை.